அண்ணனுக்கு இறங்கிய பிரஷர் எனக்கு இறங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரபணுவைப் பார்த்து ரத்த அழுத்தத்துக்கு உடற்பயிற்சி சொல்வது பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒரே பயிற்சி ஒருவருக்குப் பலன் தந்து இன்னொருவருக்குத் தராமல் போவது எங்கள் வீட்டிலும் நடக்கிறது.

என் அண்ணன் புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கிறார். நான் கடலூர் சில்வர் பீச்சில் நடக்கிறேன். இருவருக்கும் ஒரே மாத்திரை. ஆறு மாதத்தில் அவருக்கு மேல் பிரஷர் 150 இருந்தது 132க்கு வந்துவிட்டது. எனக்கு 154 அசையவே இல்லை. காலை, மாலை அளந்து எழுதிய நோட்டைக் கொண்டுபோனேன். மருத்துவர் அதைத் திறக்காமலே, "நீங்க ஒழுங்கா நடக்கலம்மா" என்றார். விடியற்காலை ஐந்தரைக்கு மணலில் கால் புதைய நடந்துவிட்டு வந்தவள் நான். அழுகை வந்துவிட்டது.

உடம்புக்கு உடம்பு பலன் மாறும் என்பது புதுச் செய்தி இல்லை. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிடேஜ்' ஆய்வில், குடும்பம் குடும்பமாக 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு மூச்சுத்திறன் நன்றாகக் கூடியது, சிலருக்குக் கொஞ்சம்கூட மாறவில்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்று கணக்கிட்டார்கள். அண்ணன் தங்கை என்றாலும் சராசரியாகப் பாதி மரபணுதானே பொது!

ஆனால் கட்டுரையின் கடைசியில், எச்சிலை அனுப்பி மரபணுவைப் பரிசோதித்து, அதன்படி பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுபோல் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத்தொகுதியில் 900க்கும் மேல் இருப்பதாக 2018லேயே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இதை நம்பி, கடலூர்க்காரி நடக்க வேண்டுமா, எடை தூக்க வேண்டுமா என்று யார் சொல்ல முடியும்? பென்ஷன் பணத்தை அதில் போடாதீர்கள் என்று வாசகர்களிடம் சொல்லுங்கள்.

அப்புறம் நான் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நடையை விடாமல், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னார். நடுவில் ஓய்வு விட்டு நாலு தடவை, வாரம் மூன்று நாள், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. 2023இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இந்த வகைப் பயிற்சிதான் ரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்ததாம். முதல் நாள் முப்பது நொடியில் தொடை நடுங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து இப்போது 141. இது மரபணுவாலா, பயிற்சியாலா, எனக்குத் தெரியாது. அளந்ததால்தான் இதுவாவது தெரிந்தது.

பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பக்கத்திலேயே, புதுச்சேரியில், ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. நம் ஊர் மீனவர்கள், முந்திரித் தோப்பில் வேலை செய்கிற பெண்கள், இவர்களுக்கு எந்தப் பயிற்சி எவ்வளவு குறைக்கிறது என்று இங்கேயே ஆராயக் கேட்டு நீங்கள் எழுத வேண்டும். அதுவரை, நோட்டோடு வருகிறவர்களின் நோட்டைத் திறந்து பார்க்கும்படி மருத்துவர்களையும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.