செயலாளரின் ஆண்டறிக்கை: போர்ட் போட்டியும் பதிப்புரிமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சங்கம் முதன்முறையாக நடத்திய போர்ட் போட்டியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய கணினி விளையாட்டு ஒன்றை வேறொரு கருவியில் ஓட வைப்பதுதான் போட்டி. அதன் விதிகளை வகுக்கச் செயற்குழு பலமுறை கூட வேண்டியிருந்தது.

"ஆசைக்குச் செய்கிறோம், காசு வாங்கப் போவதில்லை, இதில் என்ன சிக்கல்?" என்று முதல் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2016 ஆகஸ்டில், நின்டெண்டோ நிறுவனத்தின் மெட்ராய்டு என்னும் விளையாட்டு வெளிவந்து 30 ஆண்டுகள் நிறைவடைந்த நாளில், ரசிகர் ஒருவர் அதன் இரண்டாம் விளையாட்டைப் புதிதாக உருவாக்கி இலவசமாக வெளியிட்டார். பல ஆண்டு உழைப்பு அது. நின்டெண்டோவின் நோட்டீஸ் வந்ததும் சில நாள்களிலேயே பதிவிறக்கம் நின்றுபோனது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது.

படங்களையும் ஒலிகளையும் விட்டுவிட்டு நிரலை மட்டும் பகிர்ந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 விளையாட்டின் இயங்கு கோப்பைப் பகுத்தாராய்ந்து அதன் நிரலை மீட்டெழுதியவர்கள்மீது அதன் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. ஆகவே உரிமையாளரே உரிமம் தந்து வெளியிட்ட நிரல், போட்டியாளர் தாமே எழுதிய நிரல், எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற நிரல் ஆகிய மூன்றை மட்டுமே ஏற்பதென்று முடிவு செய்தோம். சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய நிரலை ஆராய்ந்து கற்க இடம் தருகிறது. ஆராய்ந்ததை ஊருக்கெல்லாம் பகிர அது இடம் தருவதாக நாங்கள் கருதவில்லை. நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைத்து எடுத்த கோப்புகளுக்கும் இடமில்லை; 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு அதற்கெனவே உள்ளது.

பங்கேற்ற பலர், அரக்கர்களைச் சுட்டு முன்னேறும் பழைய விளையாட்டான டூமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் மூலநிரலை 1997 இறுதியில் வெளியிட்டு, 1999இல், யாரும் மாற்றிப் பகிரலாம், ஆனால் பகிரும்போது திருத்திய மூலநிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தது. அப்போதும் டாஸ் என்னும் பழைய இயங்குதளத்துக்கான பதிப்பின் நிரலை அவர்களால் தர முடியவில்லை. அதிலிருந்த ஒலி நூலகம், அதாவது ஒலியை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு, வேறொருவருடையது என்பதால் லினக்ஸ் இயங்குதளத்துக்கான பதிப்பையே தந்தார்கள். சொந்த விளையாட்டை வெளியிட்டவர்களே அத்தனை கவனமாக இருந்தார்கள் என்பதை இளைய உறுப்பினர்கள் அறிய வேண்டும்.

நிரல் திறந்துவிடப்பட்டாலும், சுவரோவியம் முதல் துப்பாக்கிச் சத்தம் வரை அடங்கிய வாட் கோப்பு இன்றும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே. கல்லூரி மாணவி ஒருவர் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் சிறு திரை பொருத்தி அருமையாக ஓட வைத்திருந்தார். அவர் தந்த மெமரி கார்டில் விலைக்கு விற்கப்படும் முழு வாட் கோப்பும் இருந்தது. அதை நீக்கி, தன்னார்வலர்கள் உருவாக்கிய, தாராளமாகப் பகிரக்கூடிய ஃப்ரீடூம் கோப்பைச் சேர்க்கும்படி கேட்டோம். மறுநாளே மாற்றி வந்தார். அரக்கர்களின் முகம் மாறியிருந்தது, துப்பாக்கியின் ஒலி வேறாக இருந்தது. ஆனால் கதவு திறக்கும் வேகமும் ஓட்டத்தின் வழுக்கலும் அப்படியே இருந்தன. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஓட்டத்தில்தான் இருந்தது. நடுவர்கள் மதிப்பெண் இட்டதும் அதற்கே. ஜிபிஎல் கோருகிறபடி, திருத்திய மூலநிரலையும் அவர் அதே கார்டில் வைத்திருந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

சுவரொட்டிகளில் நிறுவனச் சின்னங்களைப் பயன்படுத்தவில்லை. அது வணிகக்குறி தொடர்பான விஷயம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். போட்டியாளர் எழுதிய நிரலின் உரிமை அவரிடமே இருக்கும். சங்கத்துக்குக் காட்சிப்படுத்தும் அனுமதி மட்டுமே. பதினெட்டு வயது நிறையாதவர்களின் விண்ணப்பத்தில் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்