மூட்லி எங்கிருந்து வந்தது

டொங்காட், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணுக்கு,

பேத்தியின் படம் வந்தது. மூக்கு அப்படியே உன் மாமாவின் மூக்கு. அதைச் சொல்ல எந்த லேபும் வேண்டாம்.

கூடவே உன் டிஎன்ஏ ரிசல்ட்டும் வந்தது. மூட்லி என்றால் நாம் என்ன சாதி, இந்த ரிசல்ட்டில் அது தெரியுமா, சொந்தக்காரர் லிஸ்ட்டில் வருகிற அந்தக் கவெண்டர் யார், குழந்தைக்கு மூட்லி என்றே பதியலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் தொட்டில் அழுகைக்கு நடுவே பாதிதான் உன் காதில் விழும். எழுதிவிடுகிறேன், ராத்திரி உட்கார்ந்து படி.

மூட்லி என்பது முதலியார். இங்கே நேட்டால் ஆபீஸ்களில் இங்கிலீஷ்காரன் காதுக்கு விழுந்தபடி எழுதி எழுதி மூட்லி ஆகிவிட்டது. பிள்ளை, நாயுடு, செட்டி, நாய்க்கர், படயாச்சி எல்லாம் இப்படி வந்தவைதான். ஆனால் முதலியார் என்று ஒரு சாதி கிடையாது, அது ஒரு பட்டம். தொண்டைமண்டல வேளாளரும் போட்டுக்கொள்வார்கள், தறி நெய்கிற செங்குந்தரும் போட்டுக்கொள்வார்கள், அகமுடையாரிலும் உண்டு. இவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் இருந்ததில்லை. இன்னொரு பக்கம் பார், வன்னியர் ஒரே சாதி. ஆற்காட்டுப் பக்கம் கவுண்டர், செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர், கடலூர் விழுப்புரம் பக்கம் படையாட்சி. அதே கவுண்டர் பட்டம் கொங்கு நாட்டில் வேளாளருக்கு. இது தெரியாமல் இங்கே கல்யாணப் பேச்சில் ‘என்ன சர்நேம்?’ என்று கேட்டு, பதில் வந்ததும் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அதைவிட முக்கியம், இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சர்நேம் என்று ஒன்றே இல்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி முதல் கப்பல் ‘ட்ரூரோ’ மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. 1911 வரை வந்த கூலிகளுக்கு ஆளுக்கு ஒரு கொலோனியல் நம்பர், கடைசி நம்பர் 152,184. மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். லிஸ்ட்டில் அவர்களுடைய பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு எல்லாம் உண்டு. சர்நேமுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1914-ல் பதினாறு வயதில் ஜெயில் காய்ச்சலோடு வந்து செத்துப்போனாளே, அவள். தில்லையாடி பெற்றோரின் ஊர், முனுசாமி அப்பாவின் பேர், முதலியார் பட்டம். இதில் எதைச் சர்நேம் என்று எழுதுவான் கிளார்க்கு? அன்றைக்கு அவனுக்குத் தோன்றியதை எழுதினான். அதனால்தான் இங்கே ஒரு வீட்டில் பட்டம் சர்நேம் ஆயிற்று, இன்னொரு வீட்டில் தாத்தாவின் சொந்தப் பேரே சர்நேம் ஆயிற்று. எத்தனை முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி குடும்பங்கள் இருக்கின்றன என்று டெலிபோன் புஸ்தகத்தைப் புரட்டினாலே தெரியும்.

இன்னொரு வேடிக்கை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இனிஷியல்தான். இங்கேயோ பள்ளிக்கூடம், பிறப்புச் சான்று, வேலைச் சீட்டு என்று எல்லாவற்றிலும் அதே பட்டம் ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டது. அங்கே உதறியதை நாம் பாஸ்போர்ட்டில் வைத்திருக்கிறோம்.

இனி நம் வீட்டு மூட்லி. உன் பெரியப்பா இதைப் பேசவே விடமாட்டார். ஆனால் ஆடிக் கூழ் காய்ச்சுகிற இடத்தில் நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு ஆயா, உன் பாட்டி, சொன்னாள். பிறகு நான் வெஸ்ட்வில் யூனிவர்சிட்டியில் இருக்கும் ஆவண மையத்திற்குப் போய்க் கப்பல் லிஸ்ட்டைப் பார்த்தேன்.

வந்தவள் ஒரு பெண். உன் எள்ளுப்பாட்டி. 1889, வட ஆற்காடு ஜில்லா, இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. கூடப் புருஷன் இல்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது ஏற்றவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு இருந்ததால் தனியாக வருகிற பெண் கிடைத்தால் ஆள் பிடிக்கிற ஏஜென்ட் நழுவவிடமாட்டான். சாதிக் கட்டத்தில் பறையர் என்று எழுதியிருக்கிறது. இதை நான் குரலைத் தாழ்த்திச் சொல்லப்போவதில்லை, நீயும் தாழ்த்தாதே.

எஸ்டேட்டில் அவள் இன்னொருவரோடு குடும்பம் நடத்தினாள். அவர் கவுண்டர் என்று எழுதப்பட்டவர், அதுதான் பிறகு கவெண்டர் ஆயிற்று. அவருக்குப் பிறந்த பிள்ளையின் வம்சம்தான் உன் லிஸ்ட்டில் வருகிற கவெண்டர். இடுப்பில் வந்த குழந்தை வளர்ந்து, டர்பன் கார்ப்பரேஷனில் வேலைக்குப் போய், அவர்களுடைய தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் குடியேறியது. அங்கே இருந்த ஒரு முதலியார், ‘நம்ம பையன்தான்’ என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். சீட்டில் மூட்லி என்று ஏறியது. ‘வேலையோட வந்த பேருடி’ என்பாள் ஆயா. பெத்த அப்பனுடையதும் இல்லை, வளர்த்த அப்பனுடையதும் இல்லை.

இப்போது உன் ரிசல்ட். ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அதை வம்சக் கிளைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து வைத்திருக்கிறார்கள், உனக்கு ஹெச் என்று வந்திருக்கிறது. தென்னிந்தியாவில் இது சர்வ சாதாரணம். மலைவாழ் மக்களிடமும் உண்டு, வயல்காட்டுச் சாதிகளிடமும் உண்டு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவை விட்டுப்போன ஐரோப்பாவின் ரோமா மக்களிடம்கூட இதன் ஒரு கிளை இருக்கிறது. முதலியார் ஹெச், பறையர் ஹெச் என்று தனியாக எதுவும் இல்லை. பிராமணரிடம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்படும் ஆர்1ஏ என்ற கிளை ஆந்திரக் காட்டுச் செஞ்சுக்களிடமும் கிடைத்திருக்கிறது. சாதிக்கு ஜீன் தேடுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை. 2013-ல் ஹைதராபாத் லேபும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷத்துக்கு முன்பு வரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள், அதற்குப் பிறகுதான் அவரவர் வட்டத்துக்குள் கல்யாணம் செய்து கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று கண்டார்கள். நம்மைக் கப்பல் ஏற்றியபோது அந்தக் கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான்.

உனக்கு ஹெச்சைக் கொடுத்தது, லிஸ்ட்டில் இல்லாத அந்த மனுஷன். அவர் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. செத்தாரா, விட்டுப் போனாரா, அவள்தான் விட்டு வந்தாளா, ஆயாவுக்கும் தெரியாது. தாய் வழி டிஎன்ஏவை அம்மா எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பாள், ஆனால் மகள் வழியாகத்தான் அது தொடரும். அதில் உனக்கு எம் என்று வந்திருக்கிறதே, அது என்னுடையது, என் அம்மாவுடையது. இந்தியாவில் பாதிக்கு மேல் ஜனங்கள் எம்தான், அதனால் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதைக் கவனித்தாயா? கடலைத் தாண்டி வந்தவள் அவள். ஒய் அவளிடம் கிடையாது. தாய் வழியோ அவள் மகனோடு நின்றுபோனது. சர்நேமிலும் அவள் இல்லை. சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கிற அந்த மற்ற டிஎன்ஏவில், சராசரியாகப் பதினாறில் ஒரு பங்காக உன்னிடம் இருக்கிறாள். நீ வரைபடம் போட்டு அனுப்பினாயே, அதில் மேலே ‘மூட்லி’ என்று எழுதிவிட்டு அவள் இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாய். அதை அடித்துவிட்டுக் கேள்விக்குறியை அவள் புருஷன் இடத்தில் போடு.

கவெண்டர் பையன் யார் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். ஆனால் கணக்கு இடிக்கிறதே என்பாய். எள்ளுப்பாட்டி வழி மட்டும் என்றால் உங்கள் இருவர் டிஎன்ஏவும் சராசரியாக அரை சதவீதம்கூட ஒத்துப்போகாது, உனக்கு அதைப்போலப் பல மடங்கு காட்டுகிறது. காரணம், ஆயாவின் தங்கையையும் அந்தக் கவெண்டர் வீட்டுக்கே கொடுத்தார்கள். அக்கா தங்கை பேரப்பிள்ளைகள் என்றால் மூன்று சதவீதம்போல் ஒத்துப்போகும். நம் ஜனங்கள் மாமன் மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றிக் கட்டுவதால் பல வழியில் சொந்தம் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அதை ஒரே வழியாக நினைத்து, தூரத்து ஆளைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தும். லிஸ்ட்டில் வருகிற மற்றவர்களையும் கம்ப்யூட்டர் சொல்வதைவிட ஒரு படி தள்ளியே வைத்துப் பார். அந்தப் பையனுக்கு நல்லபடியாகப் பதில் எழுது. பங்காளி அவன்.

எந்தப் பக்கத்து ரத்தம் எவ்வளவு என்று காட்டுகிற பர்சென்டேஜ் இந்த வருஷம் மாறிவிட்டது என்று பதறாதே. உன்னை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒப்பிடும் ஆட்கள் கூடினால் நம்பரும் நகரும், உன் ரத்தம் நகரவில்லை. பெரியப்பாவிடம் எச்சில் வாங்கி அனுப்பச் சொன்னாயே, அது நடக்காது. அவர் துப்பமாட்டார். ஒருவிதத்தில் அவர் செய்வதும் சரிதான். 2023-ல் இந்த மாதிரிக் கம்பெனி ஒன்றிலிருந்து 69 லட்சம் பேர் விவரம் வெளியே போயிற்று. நீ கொடுத்தது உன்னுடையது மட்டும் இல்லை, எங்கள் எல்லாருடையதிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டாய்.

குழந்தைக்குச் சர்நேம் நீயும் மருமகளும் பேசி வையுங்கள். மூட்லி என்று வைத்தாலும் தப்பில்லை. நானே அதைக் கல்யாணத்தில் வாங்கிக்கொண்டவள்தான். ஐ.நா.வில் மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளைகூடக் கணவர் பேரைத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். மருமகள் தன் சர்நேமை வைக்க விரும்பினால் அதுவும் சரி. பெண் குழந்தை, உன் ஹெச்சும் அவளுக்கு வராது, என் எம்மும் வராது. பேர் மட்டும் எதற்குக் கட்டாயம்?

எள்ளுப்பாட்டியின் பேர், கொலோனியல் நம்பர், தாலுகா, ஊர் எல்லாம் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். ஊர்ப் பேரைக் கிளார்க்கு எழுதிய மாதிரியே எழுதியிருக்கிறேன், அடைப்புக்குள் எனக்குத் தோன்றிய தமிழ்ப் பேர். மேப்பில் அதே தாலுகாவில் இரண்டு ஊர் அந்தப் பேருக்குக் கிட்ட வருகின்றன. நீ கம்ப்யூட்டர்காரன், எது என்று பார்த்துச் சொல்.

ஆடியில் வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போடு, ஜூலை லீவில் விலை ஏறிவிடும். குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டாம், அத்தை இரண்டு பின்னிவிட்டாள்.

அன்புடன்
அம்மா