வெள்ளெழுத்து எங்கள் கண்ணோடு இருக்கட்டும்

அன்புள்ள வலைத்தள வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு தளத்தில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன், கைபேசியில்தான். பார்க்க அழகான தளம். தாராளமான வெற்றிடம், மெல்லிய எழுத்து, வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பல். எந்தப் பெட்டியில் என்ன நிரப்ப வேண்டும் என்பதை அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னும் வெளிறிய சாம்பலில் எழுதியிருந்தார்கள். முதல் எழுத்தை அடித்ததும் அதுவும் மறைந்துவிட்டது. சரி, பெரிதாக்கிப் பார்ப்போம் என்று இரண்டு விரலால் விரித்தேன். அசையவே இல்லை. கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை விரித்துப் படித்து, திரும்பி வந்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினேன். படமாக மாறினால் பெரிதாகிற எழுத்து, எழுத்தாக இருக்கும்போது மட்டும் முடியாது என்கிறது! அந்த எரிச்சலில்தான் இந்த மடல்.

நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போகிறது, கிட்டத்துப் பொருளுக்கு வளைந்துகொடுக்க அதனால் முடிவதில்லை. அதற்குக் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி போட்டும் தீராத சங்கதிகள் வேறு. கண்ணின் பாவை சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளடிக்கும், உள்ளே நுழையும் ஒளி சிதறும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. நல்ல பிரகாசமான பெரிய திரையில் பார்த்து நீங்கள் 'மென்மையாக இருக்கிறது' என்று தேர்ந்தெடுக்கும் சாம்பல், என் கைக்கு வரும்போது பின்னணியோடு கரைந்துவிடுகிறது. வெள்ளெழுத்து எங்கள் கண்ணில்தான் இருக்கிறதே, உங்கள் தளத்திலும் எதற்கு?

இதை ரசனைச் சண்டையாக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் அது 21க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் சொல்கின்றன. நேற்று வந்த விதி இல்லை. 2008 டிசம்பரில் வெளியான 2.0 பதிப்பிலேயே இருக்கிறது. வெள்ளையின் மேல் #767676 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல் 4.54 வாங்கித் தப்பிக்கிறது. பலருக்குப் பிடித்த #999999 வாங்குவது 2.85. அதிலும் 4.5 என்பது வெறும் தேர்ச்சி மதிப்பெண்தான், இன்னும் உயர்ந்த தரத்துக்கு அதே நெறிகள் 7 கேட்கின்றன. அப்புறம், எழுத்து மெலிந்திருந்தால் அதன் ஓரங்களைத் திரை மழுப்பிவிடும். கருவி 4.5 காட்டினாலும் கண்ணுக்கு அவ்வளவு வந்து சேராது.

தமிழில் வடிவமைப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த சட்டையை நம் எழுத்துக்கு மாட்டாதீர்கள். ஒரு புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய் ஆகிவிடுகிறது. ஒரு சுழி கலங்கினால் மணம் மனமாகிவிடும். 'கீ'யின் தலைச்சுழியும் 'கூ'வின் வாலும் இடம் கேட்பவை. வரிகளை நெருக்கினாலோ பொத்தானின் உயரத்தைக் கட்டிப்போட்டாலோ முதலில் வெட்டுப்படுவது அவைதான். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக வாசகர் மாற்றிக்கொண்டாலும் எதுவும் மறையக் கூடாது என்று அந்த அணுகல் நெறிகளின் 2018இல் வந்த 2.1 பதிப்பு சொல்கிறது. தமிழுக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்களேன்.

நான் பல வருடம் மெய்ப்புத் திருத்தியவன். அச்சில் ஒருமுறை பொடி எழுத்து விழுந்துவிட்டால் விழுந்ததுதான், பூதக்கண்ணாடியைத் தேட வேண்டியதுதான். திரை வந்தபோது, இனி எழுத்தின் அளவு வாசிப்பவர் கையில் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். உலாவிகளின் இயல்பான எழுத்தளவு 16 பிக்சல், நான் 20 வைத்திருக்கிறேன். நீங்கள் அளவை பிக்சலில் எழுதிவிட்டால் என் 20க்கு அங்கே மதிப்பில்லை. வாசகர் வைத்த எழுத்தளவைச் சார்ந்த 'ரெம்' அலகில் எழுதினால் உங்கள் எழுத்தும் கூடவே வளரும். இதைவிட மோசமானது தளத்தின் நிரலில் நீங்கள் எழுதும், விரலால் விரிப்பதைத் தடுக்கும் 'யூசர்-ஸ்கேலபிள் நோ' என்ற வரி. 2016இல் வந்த ஐஓஎஸ் 10இலிருந்து ஆப்பிளின் சஃபாரி அந்தக் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஒரு உலாவியே வாசகர் பக்கம் நின்று உங்கள் வரியை மீறுகிறது என்றால், அந்த வரி எதற்கு? பெரிதாக்கினால் தளவமைப்பு சிதறுகிறது என்பீர்கள். சிதறினால் அமைப்பைச் சரிசெய்யுங்கள், என் விரலைக் கட்டாதீர்கள். எழுத்து இரண்டு மடங்கு பெரிதானாலும் எதுவும் காணாமல் போகக் கூடாது என்பதும் அதே நெறிகளில் இருக்கிறது.

பழைய காலத்துத் தளங்களைத் திரும்பக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைக் கொட்டும் விளம்பரங்களும் நாலு பத்திக் குவியலும் ஒழிந்ததில் எனக்கும் நிம்மதிதான். உங்கள் வெற்றிடமும் ஒற்றைப் பத்தியும் முதிய கண்ணுக்கு நல்லவையே. 'முதியோர் பதிப்பு' என்று தனியாக ஒன்று செய்யவும் வேண்டாம், அதை அடுத்த புதுப்பிப்பிலேயே மறந்துவிடுவீர்கள். எழுத்தளவை மாற்ற மூலையில் மூன்று 'அ' பொத்தான்களும் வேண்டாம், உலாவியே அந்த வேலையைச் செய்யும். (அந்தப் பொத்தான்கள் எப்போதும் பொடியாகத்தான் இருக்கும், ஏனோ!) கறுப்புப் பின்னணி விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கண்புரை உள்ள சிலருக்கு அது ஆறுதல். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ள பலருக்கு வெள்ளை எழுத்து இழுவிக்கொண்டு தெரியும். கைபேசியில் கறுப்பு, வெள்ளை இரண்டில் எது தேர்வாகியிருக்கிறதோ அதன்படி தளமும் மாறட்டும்.

ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கைபேசியில் எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றுங்கள், வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், வெயிலில் நின்று உங்கள் தளத்தின் விண்ணப்பத்தை நிரப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல்.

இப்படிக்கு,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடும் ஒரு வாசகன்