வண்டியை ஓட்டியவர்களுக்கு நன்றி

அன்புத் தோழர்களுக்கும் பயணிகளுக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியில் நம் பேருந்துக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார விழாவில் நிறையப் பேர் என்னைப் பாராட்டிப் பேசினீர்கள். அதில் பெரும்பங்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பயிற்சிப் பொறியாளராகப் பணிமனைக்குள் வந்தபோது எனக்கு எஞ்சின் தெரியும், போக்குவரத்து தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் பேருந்து நிலையத்தில் இருந்த நேரக்காப்பாளர் ஒருவர். ஒரு தடத்தில் மணிக்கு 6 வண்டிகள். அட்டவணைப்படி 10 நிமிடத்துக்கு ஒன்று. பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருந்தால் போதும். "தம்பி, கொஞ்ச நேரம் இங்கேயே நின்னு பாருங்க" என்றார். வண்டிகள் இரண்டிரண்டாக வந்தன, 20 நிமிடத்துக்கு ஒருமுறை. அதே 6 வண்டிதான், ஆனால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடமாகிவிட்டது. முன்வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். ஏற்றி இறக்க நேரமாகும், தாமதம் இன்னும் கூடும். பின்வண்டிக்கு ஏற்ற ஆள் குறைவு, அதனால் சீக்கிரமே வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் ஓட்டுநர்களைக் கோபித்து என்ன பயன்? பின்வண்டியை வழியில் ஓரிரு நிமிடம் பிடித்து வைத்தால் இடைவெளி சரியாகும் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் காட்டினார் அவர். பிற்பாடு திட்டப் பிரிவில் நான் செய்த வேலைகளில் பாதி அந்தக் கோட்டிலிருந்து வந்தவை. அண்ணா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்து, இரவு ஷிப்ட் மெக்கானிக்குகள். கடைசி நடை முடிந்து வண்டிகள் பணிமனைக்குத் திரும்பிய பிறகுதான் உங்கள் வேலை தொடங்கும். சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வீர்கள். குழிக்குள் இறங்கி, கை விளக்கு வெளிச்சத்தில் பிரேக்கையும் ஸ்பிரிங் பட்டைகளையும் பார்ப்பீர்கள். காலையில் முதல் வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பினால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நடுவழியில் நின்றால் மட்டும் எல்லோரும் பேசுவார்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு மிகவும் குறைவு என்பது எனக்கு எப்போதும் ஆதங்கம்தான்.

நடத்துநர்களே, மருத்துவமனைக்கு வருகிற வயதானவர்கள் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் அலுவலகத்துக்குத் தெரிந்தது. கடைசி நிறுத்தங்களில் கழிப்பறை இல்லாமல் படும் அவதியைக் கூட்டத்தில் எழுந்து நேருக்கு நேர் சொன்ன பெண் நடத்துநர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அன்று நீங்கள் பேசிய பிறகுதான் அந்தச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் ஏறியது.

என் மேசையில் எப்போதும் இரண்டு பேரின் படங்கள் இருக்கும். ஒருவர் லண்டன் போக்குவரத்தை வழிநடத்திய ஃபிராங்க் பிக். இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிற சுரங்க ரயில் வரைபடம், அவர் காலத்தில் 1933-இல் அச்சானது. அதை வரைந்த ஹாரி பெக் ஒரு சாதாரண வரைவாளர். முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட வரைபடம் அது. பணியாளர் யாராவது "சார், ஒரு யோசனை" என்று வந்தால் எனக்கு பெக் நினைவுதான் வரும். இன்னொருவர் பிரேசிலின் குரிச்சிபா நகர மேயராக இருந்த ஜைமே லெர்னர். அங்கே 1974-இலேயே பேருந்துக்கென்று தனிப் பாதை வந்துவிட்டது. பிறகு 1991-இல், முன்னதாகவே கட்டணம் கட்டிவிட்டு வண்டியின் தளத்துக்குச் சமமான உயரத்திலிருந்து ஏறும் குழாய் வடிவ நிலையங்களும் வந்தன. பேருந்து மெதுவாகப் போவதற்கு எஞ்சினைவிட, நிறுத்தத்தில் நிற்கிற நேரமே பெரிய காரணம் என்பதைப் புரிந்துகொண்டவர் அவர்.

தொழிற்சங்கத் தோழர்களோடு விடிய விடியப் பேசியிருக்கிறேன். கடுமையாக வாதாடினீர்கள், ஆனால் ஒப்புக்கொண்டதை மீறியதில்லை. அந்த நாணயத்துக்கு நன்றி. வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றியை நேரில் சொல்லிக்கொள்கிறேன், அது நீளும்.

அப்புறம், பயணிகள். பார்வையற்ற ஒருவர் எழுதியிருந்தார்: "வண்டி வந்து நிற்பது தெரிகிறது. அது என் வண்டியா என்பதுதான் தெரியவில்லை." கதவருகே வெளிப்பக்கம் ஒலிபெருக்கி வைத்து, தட எண்ணும் போகும் இடமும் அறிவிக்கத் தொடங்கியது அந்தக் கடிதத்தால்தான். ஐயா, எத்தனையோ பேர் இன்று அதைக் கேட்டு ஏறுகிறார்கள். நிறைய புகார்கள் கோபத்தோடு வந்தன. கோபத்துக்கு நடுவே தட எண், நேரம், இடம் எல்லாம் சரியாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

தொடர்ந்து எழுதுங்கள். பொறுப்பேற்கப் போகிறவரிடம் பேசிவிட்டேன். கடிதங்கள் நேராக அவர் மேசைக்கே போகும்.

நன்றியுடன்,
ஓய்வு பெறும் மேலாண்மை இயக்குநர்