குடற்புழு மாத்திரைக்கு அப்பால்

ஆசிரியருக்கு,

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையோடு வயிற்றுத் தொல்லை தீர்ந்தது என்றே இங்கே பலர் நினைக்கிறார்கள். கொக்கிப்புழு, உருண்டைப்புழுவுக்குச் சரி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு அந்த மாத்திரை பலிக்காது. வேலூர் குடிசைப் பகுதிக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் இந்த நுண்ணிய ஒட்டுண்ணியை சிஎம்சி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரினுக்கு இது அசையாது. கொதிக்க வைத்தால் சாகும். நிடசோக்சனைடு என்ற மருந்து உண்டு, ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது சரியாகக் கேட்பதில்லை.

புது மருந்து தேடும் விதம் சுவாரசியமானது. நூற்றுக்கணக்கான சின்னக் குழிகள் உள்ள தட்டில் மனிதக் குடல் செல்களை வளர்த்து, ஒட்டுண்ணியை ஏற்றி, குழிக்கு ஒரு மருந்தாக விடுகிறார்கள். எந்தக் குழியில் ஒட்டுண்ணி குறைகிறது, குடல் செல்களும் பிழைத்திருக்கின்றன என்று நுண்ணோக்கிக் கேமரா எண்ணிச் சொல்லும். அப்படி அகப்பட்டதுதான் குளோஃபசிமின். தொழுநோய் மருத்துவமனை உள்ள நம் கரிகிரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொழுநோய் மருந்து! எலியில்கூட வேலை செய்தது. அப்புறம் மலாவியில் எச்ஐவி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை.

ஆகவே, தட்டில் ஜெயித்ததுமே ‘மருந்து கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு போடாதீர்கள். இன்னொன்று, வழக்கமான மலப் பரிசோதனையில் இந்தக் கிருமி எளிதில் தப்பிவிடும். தனிச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு நிற்காத குழந்தைகளுக்காவது அரசு மருத்துவமனைகளில் அதை வழக்கமாக்கலாம்.

வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்