வலிக்கு ஒட்டும் பேட்ச்: எதை எங்கே, எவ்வளவு நேரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மூட்டுவலி, முதுகுவலி பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் பேட்ச் ஒட்டிக்கொள்ளலாம் என்று அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பேட்ச் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, தவறாக ஒட்டினால் மூச்சையே நிறுத்தக்கூடியவை. உறையைப் பிரித்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றை அடையாளம் காண்பது கடினம் என்பதால் இதை எழுதுகிறேன்.

மருந்து பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே வேலை செய்கிறதா, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் வேலை செய்கிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வலியும் வீக்கமும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் பேட்ச், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் பேட்ச், மென்தால் கலந்த பிளாஸ்திரி ஆகியவை முதல் வகை. இவற்றை வலிக்கும் இடத்தின் மேலேயே ஒட்டலாம். ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் இரண்டும் இரண்டாம் வகை; மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூச்சை நிறுத்தக்கூடியவை என்று நான் சொன்னது இவற்றைத்தான். வலி இடுப்பில் இருந்தாலும் காலில் இருந்தாலும் இவற்றை மேல்மார்பு, மேல்முதுகு, மேற்கை போன்ற தட்டையான இடத்தில்தான் ஒட்ட வேண்டும். வலிக்கும் முட்டியில் ஒட்டினால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது. மடங்கி நிமிரும் இடமாதலால் பேட்ச் சீக்கிரம் பிய்ந்து வரும்.

ஃபென்டனில் பேட்ச் மீது மணிக்கு 12, 25, 50 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருக்கும். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று இந்த எண்ணைச் சிறிதாக நினைக்கக் கூடாது. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையோ அதற்கு ஈடான வேறு மருந்தோ ஒரு வாரத்துக்குக் குறையாமல் எடுத்து உடம்பு பழகியவர்களுக்கு உரிய மருந்து இது. புற்றுநோய் வலிக்காகத் தாத்தாவுக்குக் கொடுத்த பேட்சில் மிச்சம் இருக்கிறதே என்று, பல் பிடுங்கிய வலிக்கோ முதுகுப் பிடிப்புக்கோ வீட்டில் இன்னொருவர் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று உண்டு. முதல் ஃபென்டனில் பேட்ச் ஒட்டியதும் வலி குறையாது. மருந்து தோலுக்கு அடியில் சேர்ந்து, அங்கிருந்து மெல்ல ரத்தத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் மருத்துவர் வேறு மாத்திரை எழுதித் தருகிறார். இது தெரியாமல், வேலை செய்யவில்லை என்று இரண்டாவது பேட்சையும் ஒட்டிவிடுகிறார்கள். மறுநாள் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பழையதை எடுக்க மறந்து புதியதை ஒட்டினாலும் இதே கதிதான். பழையது கையில் வந்த பிறகே புதிய உறையைப் பிரியுங்கள். ஃபென்டனில் 72 மணி நேரத்துக்கு ஒன்று, புப்ரெனார்ஃபின் 7 நாளுக்கு ஒன்று. மாற்றும் நாளையும் ஒட்டிய இடத்தையும் எழுதி வையுங்கள். தினசரிக் காலண்டரில் எழுதினால் தாளைக் கிழிக்கும்போது குறிப்பும் போய்விடும், மாதக் காலண்டரே நல்லது. ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும். புப்ரெனார்ஃபின் ஒட்டிய இடத்தில் மூன்று வாரம் கழித்தே மறுபடி ஒட்டலாம்.

நம் வீடுகளில் வலி என்றதும் கை தானாகப் போவது வெந்நீர் ஒத்தடத்துக்கும் தைலத்துக்கும். இந்த பேட்ச் இருக்கும் உடம்பில் அங்கேதான் சிக்கல். சூடு பட்டால் தோலின் ரத்த ஓட்டம் கூடி, மூன்று நாளுக்கான மருந்து வேகமாக உள்ளே இறங்கும். வெந்நீர்ப் பை, மின் ஒத்தடப் பை, சூடான நீரில் நெடுநேரக் குளியல், பேட்ச் மேல் நேராகப் படும் கத்திரி வெயில் எதுவும் கூடாது. காய்ச்சலும் சூடுதான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ரத்தத்தில் ஃபென்டனில் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். ஆகவே காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பேட்ச் மாற்றாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். சோப்பு, பவுடர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டலாம். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே மருந்து அதிகமாகப் போகும். ஒட்டியபின் உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். வியர்வையில் ஓரம் எழும்பினால் ஓரத்தில் மட்டும் மைக்ரோபோர் டேப் போடலாம். முழுதாக விழுந்துவிட்டால் வேறு இடத்தில் புதியதை ஒட்டி, நாள் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். பாதி அளவு போதும் என்று வெட்டவே கூடாது. சில வகைகளில் உள்ளே ஜெல்லாக மருந்து இருக்கும். வெட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் கசியும்.

அளவு மீறினால் தெரியும் அறிகுறிகள்: எழுப்பினாலும் எழாத தூக்கம், வழக்கமில்லாத குறட்டை, மெதுவாகி விட்டுவிட்டு வரும் மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. உடனே பேட்சை உரித்துவிட்டு 108க்கு அழையுங்கள். உரித்ததும் கண் விழித்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. தோலுக்கடியில் சேர்ந்த மருந்து தொடர்ந்து இறங்கும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மதுவும் தூக்க மாத்திரையும் இந்த ஆபத்தைப் பல மடங்காக்கும். சில பூஞ்சைக் கொல்லி மாத்திரைகளும் ஆன்டிபயாடிக்குகளும் ஃபென்டனில் கழிவதைத் தாமதப்படுத்தும் என்பதால், வேறு மருத்துவரிடம் போகும்போதும் பேட்ச் ஒட்டியிருப்பதைச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் சொல்ல வேண்டும். சில பேட்ச்களின் பின்புறத்தில் உலோகப் படலம் உண்டு, அது சூடாகித் தோலைச் சுடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இலேயே எச்சரித்தது.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தவறுதலாக ஃபென்டனில் பேட்ச் பட்ட 26 குழந்தைகளின் விவரங்களை அதே அமைப்பு 2012இல் ஆராய்ந்தது. அவர்களில் 10 பேர் இறந்திருந்தனர். 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். மூன்று நாள் ஒட்டி எடுத்த பேட்சிலும் நிறைய மருந்து மிச்சமிருக்கும். பாட்டியின் தோளிலிருந்து கழன்று, அணைத்துப் படுத்திருக்கும் பேரனின் மேல் ஒட்டிக்கொண்டாலே போதும். உரித்ததும் பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து ஒட்டிவிடுங்கள். குப்பைக்கூடையில் போடக் கூடாது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டிய 17 மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்டது. ஃபென்டனிலும் புப்ரெனார்ஃபினும் அதில் உள்ளன. மருந்து கொடுத்த மருத்துவமனை திரும்பப் பெற்றுக்கொண்டால் அங்கே கொடுப்பது இன்னும் நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் பேட்ச் 24 மணி நேரத்துக்கு ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர்கள் பலர் இதை ஒட்டிக்கொண்டே அதே மருந்தை மாத்திரையாகவும் விழுங்குகிறார்கள்; இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரினால் ஆஸ்துமா வருபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலிமருந்தைப் பூசிய, ஒட்டிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அந்த இடத்தை மூடி வைக்க வேண்டும். மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த பிளாஸ்திரியின் மேல் இறுக்கக் கட்டுப் போட்டாலோ ஒத்தடம் கொடுத்தாலோ தோல் வெந்துவிடும்.

அக்கி ஆறியபின் மாதக்கணக்கில் எரியும் வலிக்கு 5 சதவீத லிக்னோகெயின் பேட்ச் நல்ல மருந்து. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் தோலைச் சும்மா விட வேண்டும். ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. கொப்புளங்கள் முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்டலாம். அக்கிக்குக் காவி எழுதியிருந்தால் அதை மென்மையாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள், இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்துக் கடைகளில் பணிபுரியும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உறைக்குள் இருக்கும் மடித்த தாள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. பேட்ச் கொடுக்கும்போது பெட்டியின் மேல் எங்கே ஒட்ட வேண்டும், எத்தனை மணி நேரம், அடுத்து மாற்றும் தேதி என்ன என்ற மூன்றையும் தமிழில் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி