'டஃப்' எல்லாம் கடினம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் 'டஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கடினமான' என்று ஒரே பொருள் தந்து, 'டஃபன்ட் கிளாஸ்' என்பதைக் 'கடினக் கண்ணாடி' என்றும் அச்சிட்டிருந்தீர்கள். தேர்வு டஃப் என்றால் கடினம்தான். ஆட்டுக்கறி டஃப் என்றால் பல்லுக்கு அடங்காத கறி. ஆள் டஃப் என்றால் எளிதில் மசியாதவர். 'உன் துரதிர்ஷ்டம்' என்று சொல்லும் 'டஃப் லக்' என்பதில் பாதி நேரம் அனுதாபமே இருக்காது. இவையெல்லாம் படிக்கப் படிக்கப் பழகிவிடும். உலோகத்திலும் கண்ணாடியிலும்தான் வம்பு.

நான் பாலிடெக்னிக் பணிமனையில் பயிற்றுநராக இருந்தவன். அங்கே கடினம் என்றால் கீறலுக்கு இடங்கொடாதது. டஃப் என்றால் அடியை வாங்கிக்கொண்டும் உடையாதது. கீறலைத் தாங்குவதை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, அதுதான் உச்சம். ஆனாலும் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் சிதறிவிடும். மென் எஃகில் எளிதாகக் கீறல் போடலாம். அதே அடிக்கு அது வளையுமே தவிர நொறுங்காது. இதை அளப்பதுதான் சார்ப்பி சோதனை. 10 மி.மீ. சதுரக் கம்பியில் 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, ஊசல் சம்மட்டியால் ஒரே அடி. முறிக்கச் செலவான ஆற்றலே கணக்கு.

எங்கள் பக்கத்துக் கொல்லர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளை முழுவதும் பழுக்கக் காய்ச்சி அப்படியே தண்ணீரில் முக்கிவிட்டால், உடைமரக் கட்டையில் வெட்டும்போது வாய் தெறிக்கும். தோய்க்காமலே விட்டால் வாய் மடங்கும். அதனால் வாயை மட்டும் தோய்த்து எடுத்து, முதுகில் மிஞ்சிய சூட்டை அதற்கு ஓடவிட்டு, நிறம் பார்த்து நிறுத்துவார்கள். வாய்க்குக் கடினம், முதுகுக்கு டஃப்.

டஃபன்ட் கிளாசும் அப்படித்தான். வண்ணார்பேட்டைக் கடைகளில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுகளை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றைப் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். அடி தாங்கும், கீறல் என்னவோ சாதாரணக் கண்ணாடியைப் போலவே விழும். பிறகு அரை அங்குலம் வெட்டித் தரச் சொன்னால் நடக்காது, முழுப் பலகையும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். 'கடினக் கண்ணாடி' என்று உங்கள் பகுதியில் படித்த பையன், அதில் கீறல் விழுவதைப் பார்த்தால் கண்ணாடிக்காரர் ஏமாற்றுகிறார் என்றே நினைப்பான்.

அடுத்து 'பிரிட்டில்' என்ற சொல் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடித்தால் வளையாமல் நொறுங்குவதுதான் பிரிட்டில். தயவுசெய்து அதற்கு 'மென்மையான' என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனைப் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை